கட்டைவிரல் வழக்கு

யார் என்ன சொன்னாலும் சரி, மாடி டீச்சர் மேல் வழக்குப் போட்டே தீருவது என்று புள்ளி சார் முடிவெடுத்தபோது, அவருடைய இடது கால் ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள், ஐஸ் தண்ணீரில் இருந்தது.

புள்ளி சார் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். மெய்யெழுத்தின் தலையில் ஒரு புள்ளி குறைந்தால் பத்தடி தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார். அதனால் வந்த பெயர். பெரும்புள்ளி ஆகவேண்டும் என்ற ஆசையும் அவருக்கு உண்டு. கல்யாணமான பதினாலு வருஷமாக வீட்டில் அதற்கு அனுமதி கிடைக்கவில்லை. ஒரு பக்கத்தில் தப்பே இல்லையென்றால் ஓரத்தில் சிவப்பு மையில் 'பிழையில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். அந்த ஒரு வார்த்தையை வீட்டில் அவர் யாருக்கும் கொடுத்ததே இல்லை.

அன்று காலை வேலைக்குக் கிளம்பியவர், வாசலில் குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தார். மாடி பால்கனியிலிருந்து ஒரு பூந்தொட்டி இறங்கியது. தலை தப்பியது தம்பிரான் புண்ணியம். கட்டைவிரல் தப்பவில்லை. அண்ணாந்து பார்த்தார். பால்கனியில் ரிட்டயர்டு கணக்கு டீச்சரின் முகம் தெரிந்தது. "ஐயையோ தம்பி!" என்றது முகம். அடுத்த நிமிஷம் புள்ளி சாரின் மனைவி, கழுத்தில் அளவு டேப்போடு, மாடிப்படியில் தடதடவென்று இறங்கி ஓடி வந்தாள். அவள் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுத் தைப்பவள். தொட்டி, சிதறிய மண், டீச்சரின் முகம் எல்லாவற்றையும் புள்ளி சார் மனசுக்குள் குறித்துக்கொண்டார். ஓர் எழுத்தைக்கூட விடவில்லை என்றுதான் நினைத்தார்.

எலும்பு முறியவில்லை, நகம் மட்டும் கறுக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். புள்ளி சாருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். ஏனென்றால் அந்த வாரம் அவர் திருத்திக்கொண்டிருந்தது, சாதாரண ஜனங்களுக்குச் சட்டத்தை விளக்கும் ஒரு கையேடு. அச்சுத்தாள்களை வீட்டுக்கே கட்டாகக் கொண்டுவந்து வைத்திருந்தார். முக்கால்வாசி முடித்தாயிற்று. முக்கால் வக்கீல் ஆனது மாதிரிதான்.

"இந்தா பாரு," என்றார் மனைவியிடம். "இதுல ரெண்டு வழி இருக்கு. நஷ்டஈடு கேட்டு நாமளே கேஸ் போடலாம். அது ஒண்ணு. கவனக்குறைவா காயம் உண்டாக்கிட்டாங்கன்னு போலீஸ்ல புகார் கொடுக்கலாம். அது இன்னொண்ணு. அதுல நமக்காக அரசாங்கமே வாதாடும்."

"அரசாங்கமா? உங்க கட்டைவிரலுக்கா?"

"ஆமா. போலீஸ் விசாரிச்சு டீச்சர் மேல குற்றப்பத்திரிகை போடுவாங்க."

"பத்திரிகைன்னா மஞ்சள் தடவித்தான் கொடுப்பாங்களா?"

"விளையாடாதே. தண்டனைக்குரிய விஷயம். ஆனா இது வெறும் காயமா இருந்தா அபராதத்தோட போயிடும். கொடுங்காயம்னு ஆகணும்."

"கொடுங்காயம், பெருங்காயம்னு என்னங்க மளிகைக் கடை மாதிரி?"

புள்ளி சார் பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். கண்ணோ காதோ போனால் கொடுங்காயம். எலும்போ பல்லோ உடைந்தால் கொடுங்காயம். இதெல்லாம் இல்லாவிட்டாலும், அடிபட்டவர் தன்னுடைய வழக்கமான வேலைகளை இருபது நாள் செய்ய முடியாமல் போனால், அதுவும் கொடுங்காயம்.

"அதனால," என்றார், வாளியிலிருந்து காலை எடுத்துக் கட்டிலில் நீட்டியபடி, "இன்னையிலேர்ந்து இருபது நாள் நான் இந்தக் கட்டிலை விட்டு இறங்கப் போறதில்லை. சட்டம் அப்படிச் சொல்லுது. சாப்பாடு இங்கேயே வந்துடணும்."

அவருக்கு வேண்டியது அதுதான். டீச்சர் ஜெயிலுக்குப் போவதெல்லாம் கொசுறு. இருபது நாள் படுக்கை, மூணு வேளையும் கைக்கு வரும் சாப்பாடு, அதுவும் சட்டத்தின் பேரால். வீட்டில் இதுவரை ஒரு வாக்குவாதத்தில்கூட ஜெயிக்காத மனுஷனுக்கு இது சின்ன விஷயமில்லை. மனைவி கத்துவாள் என்று எதிர்பார்த்து, பதிலையும் தயாராக வைத்திருந்தார். அவள் கத்தவில்லை. அந்தப் பக்கத்தை நிறுத்தி நிதானமாக ரெண்டு தடவை படித்தாள்.

"நல்ல யோசனைதாங்க. நானே வந்து சாட்சி சொல்றேன்."

"நிஜமாவா?"

"பின்னே? ஆனா ஒரு சந்தேகம். கூண்டுல ஏத்தி, 'இவர் வீட்டுல வழக்கமா என்ன வேலை செய்வாரு'ன்னு கேப்பாங்களே. என்ன சொல்றது?"

"பேப்பர் படிப்பார்னு சொல்லு."

"அதைக் கட்டைவிரலாலயா படிக்கிறீங்க?"

"அப்ப… பிழை திருத்துவார்னு சொல்லு."

"அது உட்கார்ந்து செய்யற வேலை. கட்டோட வீட்டுக்கே கொண்டுவந்து வெச்சிருக்கீங்க. கால் இல்லாட்டியும் நடக்கும்."

"வேற ஏதாவது சொல்லேன்."

"சொல்றேன். நீங்கதான் சொல்லுங்களேன், போன பதினாலு வருஷத்துல என்ன வேலை செஞ்சீங்கன்னு. சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொல்லக் கூடாது பாருங்க. அதுக்குத் தனித் தண்டனை இருக்கு, பின்னாடி பக்கத்துல."

புள்ளி சார் யோசித்தார். விட்டத்தைப் பார்த்து யோசித்தார். ஒரு தடவை பல்பு மாற்றியது ஞாபகம் வந்தது. அதுவும் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டதுதான் அவர். ஏறியது அவள்.

"வழக்கம் இருந்தாத்தாங்க வழக்கு," என்றாள் மனைவி பரிவாக. "செய்யாத வேலையை எப்படிச் செய்ய முடியாமப் போகும்? முதல்ல வழக்கத்தை உண்டாக்குங்க. அப்புறமா விழுந்து படுங்க."

"அடிதான் இன்னைக்கே பட்டுடுச்சே?"

"அதுதாங்க விசேஷம். அடிபட்டும் வலியைப் பொறுத்துக்கிட்டு வேலை பார்த்தாரு, கடைசியில முடியாம சாஞ்சுட்டாருன்னு சொன்னா, கேக்கிற நீதிபதிக்கே கண்ணு கலங்காதா?"

புள்ளி சாருக்கே கண் கலங்கியது. "எத்தனை நாள் செஞ்சா வழக்கம்?"

"இருபது நாள் செய்யாம இருக்கணும்னா, இருபது நாள் செஞ்சாத்தானே நேருக்கு நேர் வரும்?"

இரண்டு ஓரமும் சமமாக நின்றால் புள்ளி சாருக்கு ரொம்பப் பிடிக்கும். அச்சகத்துப் புத்தி. ஒத்துக்கொண்டார்.

மறுநாள் காலை பாத்திரத்தில் ஆரம்பித்தது. அப்புறம் துணி, வீடு பெருக்குதல், குப்பை, கடைக்குப் போய்ப் பை தூக்குதல். தையல் துணிகளுக்கு இஸ்திரி போடுவதும் சேர்ந்துகொண்டது. மனைவி ஒரு நோட்டுப் புத்தகம் போட்டாள். தேதி வாரியாக எழுதினாள். 'இன்று நான்கு போர்வை துவைத்தார். மாடிக்குத் தூக்கிப் போய்க் காய வைத்தார்.' கீழே சாட்சிக் கையெழுத்து. கையெழுத்துப் போட்டது யார் என்றால் மாடி டீச்சர்.

"அவங்ககிட்டேயே ஏன் வாங்கறே?" என்று பதறினார் புள்ளி சார்.

"எதிர்த்தரப்பே ஒத்துக்கிட்டா அதைவிட பலமான ஆதாரம் உண்டா?"

நியாயமாகத்தான் பட்டது. ஆனால் டீச்சர் கண்ணில் படும்போதெல்லாம் நொண்டவேண்டியிருந்தது. ஆறாம் நாளுக்குப் பிறகு கால் தானாக நொண்ட மறுத்துவிட்டது. இவராக ஞாபகம் வைத்துக்கொண்டு நொண்டினார். ஒருநாள் துணிக் கூடையோடு மொட்டை மாடிக்கு ஏறும்போது டீச்சர் வழிமறித்தாள்.

"தம்பி, நேத்து இடது காலுதானே நொண்டினீங்க? இன்னைக்கு வலதா?"

"அது… வலி மாறி மாறி வருதுங்க."

"கணக்கு சரியா வரலையே," என்றாள் டீச்சர். சொல்லிவிட்டுக் கையெழுத்தும் போட்டாள்.

எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் கையைப் பிடித்துக் கெஞ்சினார். "சார், கொஞ்சம் உள்ளே வெச்சுத் துவைங்க சார். எங்க வீட்டுல உங்களைக் காட்டிக் காட்டியே என்னை உண்டு இல்லைன்னு பண்றாங்க." புள்ளி சாருக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது. தெருவில் அவர் ஒரு பெரும்புள்ளி ஆகிக்கொண்டிருந்தார், கையில் துடைப்பத்தோடு.

இருபது நாளும் முடிந்தன. இருபத்தோராம் நாள் காலை புள்ளி சார் எழுந்திருக்கவில்லை. போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு முனகினார்.

"சாஞ்சுட்டேன். இன்னைக்கு ஒண்ணாம் நாள்னு எழுதிக்கோ. காபி இங்கேயே வரட்டும்."

மனைவி போர்வையைக் கால் பக்கம் தூக்கினாள். கட்டைவிரல் கன்னங்கரேல் என்று இல்லை. பழைய நகத்துக்கு அடியில் புது நகம் ரோஜா நிறத்தில் எட்டிப் பார்த்தது. வீக்கம் இருந்த இடம் தெரியவில்லை. அவள் நோட்டுப் புத்தகத்தை எடுத்து வாசித்தாள்.

"பன்னெண்டாம் நாள், காஸ் சிலிண்டரைத் தனியாவே உருட்டி உள்ளே வெச்சாரு. பதினேழாம் நாள், மூணு தடவை மாடி ஏறி இறங்கினாரு. இருபதாம் நாள், பரண்ல ஏறி ஒட்டடை அடிச்சாரு. எல்லாத்துக்கும் சாட்சிக் கையெழுத்து இருக்கு. ஏங்க, அடிபட்ட மறுநாள்லேர்ந்து இருபது நாளும் இந்த ஆளு முழுசா வேலை செஞ்சிருக்காருன்னு எழுத்து மூலமா நிரூபணமாயிருக்கு. இதை எந்த கோர்ட்டுல கொண்டுபோய்க் கொடுங்காயம்னு காட்டுவீங்க?"

புள்ளி சார் எழுந்து உட்கார்ந்தார். நோட்டைப் பிடுங்கிப் பார்த்தார். ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை. மனசு நிஜமாகவே வலித்தது. கட்டைவிரலைவிட அதிகமாக வலித்தது.

"போகட்டும். கொடுங்காயம் இல்லைன்னா சாதாரணக் காயம். நஷ்டஈட்டுக் கேஸாவது போடுவேன். தொட்டி விழுந்தது நிஜம்தானே? விட்டேனா பார் அந்த டீச்சரை!"

"அவங்க மேல எதுக்குங்க?" மனைவி டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். "அன்னைக்கு அவங்களுக்கு அளவு எடுக்கத்தானே நான் மேலே போனேன். பால்கனியில வெளிச்சம் நல்லா இருந்துது. டேப்பை நீட்டினேன். முழங்கை பட்டுது. தொட்டியைத் தள்ளினது நான்தான்."

புள்ளி சார் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். அன்று மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வந்த உருவம் இப்போதுதான் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. இருபது நாள் கழித்து.

"அடிப்பாவி! இத்தனை நாளா ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?"

"குற்றம் சாட்டப்படறவங்க தனக்கு எதிரா தானே வாயைத் திறக்க வேண்டியதில்லையாமே. அது அவங்களோட உரிமைன்னு உங்க புத்தகத்துலதாங்க போட்டிருக்கு. நாப்பத்தொண்ணாம் பக்கம். உங்களுக்கு ஐஸ் வாங்கப் போறதுக்கு முன்னாடியே படிச்சுட்டேன்," என்று சொல்லிவிட்டு அவள் மெஷினில் போய் உட்கார்ந்தாள். "இஸ்திரிக்கு ஆறு உருப்படி இருக்கு. வழக்கத்தை விட்டுடாதீங்க."

புள்ளி சார் அச்சுத்தாள் கட்டைப் பிரித்து நாற்பத்தொன்றாம் பக்கத்தைத் தேடி எடுத்தார். அவள் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை அப்படியே இருந்தது. ஓரத்தில், சிவப்பு மையில், அவருடைய கையெழுத்தோடு எழுதியிருந்தது: 'பிழையில்லை.'