பெயரைச் சுருக்கக் கூடாது

சனிக்கிழமை காலையில் தேவராசா தன் அறையில் இருந்தபடி ஒரே ஒரு பெயரைத்தான் மாற்றினான். தேநீர் ஆறுவதற்குள் கணினித் திரை முழுவதும் பிழை காட்டிச் சிவப்பாகிவிட்டது.

கண்டியில் ஒரு சின்ன மென்பொருள் கம்பனியில் அவனுக்கு வேலை. தேயிலைத் தொழிற்சாலைகளுக்காக அவர்கள் செய்த மென்பொருள் பல கூறுகளாகக் கிடந்தது. அவற்றையெல்லாம் பொருத்தி முழுசாக்குவதற்கு 'பில்ட்' என்று ஓர் ஏற்பாடு. அது ஒவ்வொரு கூறையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடும். பெயர் வைத்த புண்ணியவான்களோ 'எல்', 'எல்2', 'எல்-புதுசு', 'எல்-கடைசி', 'எல்-உண்மையாகவே-கடைசி' என்று வைத்துவிட்டு வெளிநாடு போய்விட்டார்கள்.

போன வாரக் கூட்டத்தில் தேவராசா எழுந்து நின்றான்.

"பெயரைப் பாத்த உடன உள்ளுக்க என்ன இருக்கெண்டு விளங்கவேணும், சேர். பெயரைச் சுருக்கிறது ஒளிக்கிற வேலை."

முதலாளி பளீல் மேசையில் தட்டினார். "சரியான பேச்சு! அப்ப நீங்களே செய்ங்க தம்பி. திங்கக்கிழம தெல்தோட்ட ஃபெக்டரிக்காரங்க பார்க்க வாராங்க. அதுக்குள்ள எல்லாத்துக்கும் முழுப்பேரு வச்சிடுங்க."

இப்படி முழங்கிய தேவராசாவுக்கு, கடுகண்ணாவையில் அவன் குடியிருந்த வீட்டில் பெயர் 'தேவா'.

அவனைக் குறை சொல்லவும் முடியாது. அது 2007, யுத்தகாலம். முழுப்பெயரைச் சொல்லி அறை கேட்ட இடங்களிலெல்லாம் அறை முதல்நாள்தான் யாருக்கோ கொடுக்கப்பட்டிருந்தது. யாழ்ப்பாணத்துக்குத் திரும்பலாமென்றால் பாதை பூட்டிக் கிடந்தது. கடைசியாக இந்த வீட்டுப் படலையில் நின்றபோது, "தேவா" என்பதோடு வாயை மூடிக்கொண்டான். சிங்களவரிலும் தேவாக்கள் உண்டு. வீட்டுக்காரி அவனை மேலும் கீழும் பார்த்தாள். "லீலா" என்று தன் பெயரைச் சொன்னாள். அறை கிடைத்துவிட்டது.

லீலா ஆன்ட்டி தனியாக இருந்தாள். அதிகம் பேசமாட்டாள். பேசினாலும் இரண்டு சொல் சிங்களம்தான். தேவராசாவிடம் இருந்த சிங்களத்துக்கு அதுவே தாராளம். பொலிஸில் பதிவதற்கு அடையாள அட்டையைக் கேட்பாளோ என்று பயந்துகொண்டிருந்தான். அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் மீன் வேண்டாமென்று சொல்ல ஒரு வயிற்றுவலியைத் தயாராக வைத்திருந்தான். வெள்ளிக்கிழமைகளில் அந்த வீட்டில் மீனே சமைக்கவில்லை. தன் நல்ல காலம் என்று நினைத்துக்கொண்டான்.

திரைக்கு வருவோம். தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கணக்கெடுக்கும் 'எல்' என்பதை 'கொழுந்து-நிறுவை' என்று மாற்றியதும், 'எல்'லை நம்பியிருந்த மற்றக் கூறுகளெல்லாம் ஆளைக் காணவில்லை என்று நின்றுவிட்டன. 'எல்' வரும் இடமெல்லாம் புதுப்பெயர் வரட்டும் என்று ஒரே அடியாக மாற்றினான். லொறிக் கணக்குப் பார்க்கும் 'எல்2' இப்போது 'கொழுந்து-நிறுவை2' ஆகியது. 'கொழுந்து-நிறுவை-உண்மையாகவே-கடைசி' என்றும் ஒன்று பிறந்தது. சிவப்பு கூடியது. பழைய கூறுகள் கோபிக்காமலிருக்க 'எல்' என்ற பெயரிலேயே ஒரு வெறுங்கூறு செய்து, அதைப் புதியதிடம் அனுப்பினான். புதியது அதைத் திரும்பப் பழையதிடமே அனுப்பியது. இரண்டும் ஒன்றையொன்று தேடிக்கொண்டு நின்றன.

கைத்தொலைபேசி அடித்தது.

"தம்பி, என்னத்தச் செஞ்சீங்க? இங்க எல்லாம் செவப்பா இரிக்கி!" என்றார் பளீல்.

அறைக்குக் கதவில்லை, திரைச்சீலைதான். அதற்கு அப்பால் லீலா ஆன்ட்டி கதிரையில் இருந்து பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள். தேவராசாவின் வாய்வரை வந்த தமிழ் அப்படியே திரும்பிப் போனது.

"ஹரி, ஹரி," என்று 'சரி'யைச் சிங்களத்தில் சொன்னான்.

"என்ன ஹரி? எனக்கிட்ட ஏன் சிங்களம் பேசுறீங்க?"

"பஸ்ஸே கதா கரன்னம்."

பிறகு பேசுகிறேன் என்று அர்த்தம். அவனுடைய சிங்களத்தில் பாதி அதிலேயே செலவாகிவிட்டது.

பளீல் மறுபடி எடுத்தார். தேவராசா குளியலறைக்குள் ஓடி, குழாயைத் திறந்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு பேசினான்.

"சேர், இப்ப கதைக்கேலாது. ஆக்கள் நிக்கினம்."

"ஆளுங்களா? யாரு? எத்தன பேரு?"

வெளியே காலடிச் சத்தம். தேவராசா தொலைபேசியை நிறுத்தினான். அந்த நாட்களில் ஒரு தமிழ்ப் பையன் மெல்லிய குரலில் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் தொடர்பில் இல்லாமல் போனால், யாரும் மென்பொருளைப் பற்றி நினைக்கமாட்டார்கள். பளீலும் நினைக்கவில்லை; ஆளைக் கடத்திவிட்டார்கள் என்றே பயந்தார். தெல்தோட்டைக்காரரை மறந்து, கம்பனியில் பதிந்திருந்த விலாசத்தோடு காரை எடுத்தார்.

மத்தியானம் படலைக்கு வெளியே கார் ஹோர்ன் அலறியது.

"தேவராசா! தேவராசா! தம்பி, உசிரோட இரிக்கீங்களா?"

கடுகண்ணாவை முழுவதும் கேட்டிருக்கும். லீலா ஆன்ட்டி கதவைத் திறந்தாள். தேவராசா பின்னால் ஓடிவந்தான். அறை போய்விட்டது, இனி வேலையும் போய்விடும் என்று அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"வெறத கெதறக்," என்று உளறினான். பிழையான வீடு என்று சொல்ல நினைத்தான்.

"என்னய்யா பிழையான வீடு? வாப்பா, என்னயத் தெரியலியா?" பளீல் படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். நல்ல மனிதர், கண் கலங்கியிருந்தது. "உங்களத்தான், தேவராசா! யாழ்ப்பாணத்துத் தேவராசா!"

"தேவா," என்றான் தேவராசா, ஈனமான குரலில்.

"தேவாவா? பேரச் சுருக்கப்படாதுன்னு கூட்டம் போட்டதே நீங்கதானே!"

தேவராசா லீலா ஆன்ட்டியின் பக்கம் திரும்பினான். பெட்டியை எடுத்துக்கொண்டு போ என்பதற்குச் சிங்களத்தில் என்ன சொல்லுவார்கள் என்று அவனுக்குத் தெரியாது. சொன்னால் விளங்கும் என்று இருந்தான்.

லீலா ஆன்ட்டி தெருவை இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தாள். இருவரையும் உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தி, யன்னலையும் பூட்டினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"ரோட்டில நிண்டு தமிழில கத்தாதேங்கோ, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், என்னை இந்த ஊருக்கு லீலா எண்டுதான் தெரியும், லீலாதேவி எண்டு தெரியாது."