கல்லடி டொக்டருக்கு மூன்றாம் தரம்

கல்லடிக் கிளினிக்கில் டொக்டர் கேதீஸ்வரி தன் கையில் பிரஷர் பட்டியைச் சுற்றி முடித்த பிறகும் கொலினால் வந்த விஷயத்தைச் சொல்ல முடியவில்லை.

"எனக்கு நோய் வருத்தம் ஒண்டுமில்ல டொக்டர். நான் இன்சூரன்ஸ் கம்பனியில இருந்து..."

"கதைக்காம இரிங்க. பிரஷர் ஏறும்."

ஏறித்தான் இருந்தது.

யுத்தம் முடிந்த கையோடு, கொலின் வேலை பார்த்த கொழும்புக் கம்பனி புளியந்தீவில் கிளை திறந்திருந்தது. பேங்க்காரருக்கும் என்.ஜி.ஓ.காரருக்கும் வைத்தியச் செலவுக்கான காட் அட்டை கொடுத்து, டொக்டர்மாரைத் தரம் பிரித்தது. முதலாம் தர டொக்டரிடம் போனால் முழுச் செலவும் கம்பனியுடையது. மூன்றாம் தரத்திடம் போனால் ஒரு சதமும் கிடையாது. தரப் பட்டியல் காட்காரர் வழியாக ஊருக்குள் உலவினாலும், இவ்வளவு நாளும் டொக்டர்மாருக்குக் கம்பனி எதையும் சொல்லவில்லை. இப்போது அரசாங்கத்திலிருந்து புது விதி வந்துவிட்டது. தரத்தையும் அதற்கான காரணத்தையும் டொக்டரிடம் நேரில் சொல்ல வேண்டும்.

கேதீஸ்வரிக்கு மூன்றாம் தரம். காரணம், முறைப்பாடுகள். டொக்டர் ஏசுகிறார், அரை நாள் காக்க வைக்கிறார், ஊசி போடும்போது கை நடுங்குகிறது என்றெல்லாம் கிழமை தவறாமல் ஃபோன் வந்தது. எடுத்துக் கேட்டவன் கொலின். அதனால் சொல்லும் வேலையும் அவன் தலையில் விழுந்தது.

டொக்டர் பட்டியைக் கழற்றிவிட்டு அவன் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"உங்கட மனிசி சமந்தாதானே? கால் இப்ப எப்பிடி?"

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்று, பள்ளிக்கூட விறாந்தையில் ஒரு கதவைக் கழற்றிப் போட்டு, சமந்தாவின் காலைத் தைத்தவர் இவர்தான். அன்று டொக்டரின் பெயரைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

"நல்லா நடக்கிறா டொக்டர்."

"சந்தோசம். கம்பனி எண்டீங்க, என்ன விஷயம்?"

"உங்களுக்கு... தரம் போட்டிருக்கு."

"என்ன தரம்?"

நிலத்தைப் பார்த்தபடி கொலின் சொன்னான். "முதலாம் தரம்."

டொக்டரின் முகம் சின்னப் பிள்ளையின் முகம்போல மலர்ந்தது. "எனக்கா? நான் ஏசுறன் எண்டெல்லோ எல்லாரும் சொல்லுவாங்க!" என்றவர், அவன் தடுக்குமுன் கனடாவில் இருக்கும் தங்கைக்கு ஃபோன் எடுத்துவிட்டார். "அடியே, நித்திரையா? எழும்பு!"

கொலின் மெல்ல வெளியே நழுவினான். கனடா வரை போன பொய்யைத் திரும்பப் பிடிக்க முடியாது. அதை உண்மையாக்குவதுதான் ஒரே வழி. வாசலில் நின்று மனேஜர் நல்லரத்தினத்துக்கு ஃபோன் எடுத்தான்.

"சேர், கேதீஸ்வரி டொக்டருக்கு முதலாம் தரம் போடவேணும்."

"என்ன விசர்க் கதை? முறைப்பாடு குவியுது எண்டு நீர்தானே சொன்னீர்?"

கொலின் கண்ணை மூடிக்கொண்டான். "ஒருத்தரும் முறைப்பாடு சொல்லி ஃபோன் எடுக்கயில்ல சேர். எல்லாம் நான் இட்டுக்கட்டினது."

"ஏன் ஐசே?"

வாயில் வந்ததைச் சொன்னான். "வேலை செய்யிற மாதிரிக் காட்டத்தான் சேர்."

மறுமுனையில் மனேஜர் மேசையில் அடித்த சத்தம் கேட்டது.

"தரத்த மாத்துறன். பொய்க் காரணத்தில தரம் குறைச்சது தெரிஞ்சா இந்தப் புது விதியில கம்பனி மாட்டும். நாளைக்கு வந்து உம்மட சாமான்களை எடுத்துக்கொண்டு போம்."

வேலை போய்விட்டது. சமந்தாவிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. காத்திருக்கும் அறைக்குத் திரும்பினான். உள்ளே டொக்டர் இன்னும் கனடாவோடு சிரித்துக்கொண்டிருந்தார். வாங்குப் பலகைகளில் நெருக்கியடித்து இருந்த நோயாளரிடமாவது ஒரு நல்ல முகத்தைப் பார்க்கலாம் என்று அவனுக்கு ஆசை வந்தது.

"உங்கட டொக்டருக்கு முதலாம் தரம் கிடைச்சிருக்கு! இனி காட் வச்சிருக்கிற ஆக்களெல்லாம் இஞ்சதான் வருவாங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை. மீன் விற்கும் கண்ணகை தலையில் கைவைத்தாள்.

"ஆர் தம்பி இந்த வேலையப் பார்த்தது?"

"நான்தான் அக்கா. என்ட வேலையும் போயிற்று, பரவாயில்ல. ஆனா இப்பிடி ஒரு மனிசியப் பற்றி ஃபோன் எடுத்துப் பொய் சொன்னவங்க ஆரெண்டு மட்டும் தெரிஞ்சா..."

வாங்குகளில் இருந்த அத்தனை தலைகளும் ஒன்றாகக் குனிந்தன. முதியவர் உசனார் காக்கா வராத இருமலை இருமினார். கண்ணகை மட்டும் உள்கதவை ஒருதரம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"முதலாம் தரம் கிடைச்ச டொக்டர்மார் ஒருத்தரும் இப்ப காட்காரரை விட்டிட்டு எங்களைப் பாக்கிறல்ல மனே, இந்த மனிசியாவது எங்களுக்கு மிஞ்சட்டும் எண்டுதான் நாங்க ஆளுக்கொரு நாளா ஃபோன் எடுத்து, வாய் கூசக் கூச ஏசினம்."