கியோசி லாரி ஏறவேயில்லை

கிருஹுரா,
செவ்வாய்க்கிழமை.

பெருமதிப்பிற்குரிய பேராசிரியர் கருஹங்கா அவர்களுக்கு, தங்கள் மாணவி கெமிரெம்பேயின் தகப்பன் டிபெண்டெரானா பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் மாடுகளும் சுகம். தங்கள் வீட்டிலும் பாலுக்குக் குறைவிராது என்று நம்புகிறேன்.

நிற்க. கியோசி என்ற எங்கள் நொண்டிப் பசு திடீரென்று துள்ளி நடந்ததாகவும், பிறகு மோட்டார் வேகத்தில் ம்பராரா நகரத்துக்கே போய்விட்டதாகவும் என் மகளின் ஆராய்ச்சியில் பதிவாகியிருக்கிறதாமே. "உன் மாடு லைசென்ஸ் எடுத்திருக்காம்மா?" என்று வகுப்பிலேயே கேட்டீர்களாம். இட்டுக்கட்டியது என்று முடிவானால் பட்டம் கிடையாது என்றும் சொன்னீர்களாம். பிள்ளை சாப்பிடாமல் சுருண்டு கிடக்கிறாள். பெற்றவனுக்குப் பொறுக்குமா? ஐயா, அவள் மேல் தப்பே இல்லை, எல்லாம் என் வேலை.

மாட்டின் நடையை அளக்கும் கருவி வைத்த அந்தக் கழுத்துப் பட்டையை அவள் ஆராய்ச்சிக்காகக் கொண்டுவந்து கியோசிக்குக் கட்டிய நாளிலிருந்தே எனக்கு அதன்மேல் ஒரு கண். இங்கே மாடு நடந்தால் அங்கே வகுப்பறைச் சுவரில் கோடு நகருமாம், மாடு அசைபோடுவதை வைத்தே மாணவர்கள் நோய் கண்டுபிடிப்பார்களாம். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஒரு நாள் பட்டையருகே குனிந்து, "எல்லாரும் சௌக்கியமா?" என்று விசாரித்தேன். "அப்பா, அதுக்குக் காது கிடையாது!" என்று மகள் தலையில் அடித்துக்கொண்டாள். இருக்கட்டும். என் மகன் கல்யாணத்துக்கு நாங்கள் பரிசமாகத் தரவேண்டிய மாட்டைத் தேர்ந்தெடுக்கப் பெண் வீட்டார் வருகிற நாளும் வந்தது. நீங்களே சொல்லுங்கள், பல்கலைக்கழகத்து நகையைப் போய் எலும்பும் தோலுமான நொண்டி மாட்டின் கழுத்திலா சம்பந்திக்குக் காட்டுவது? மானம் போய்விடாதா? கழற்றி, செம்பட்டு மாதிரி மின்னும் எங்கள் இன்னொரு பசு பிஹோகோவுக்குப் பூட்டினேன். கொம்பைத் துடைத்துவிட்டு நின்று பார்த்தேன், அடடா, ராணிதான் போங்கள். சம்பந்தி வந்தார், மந்தையைச் சுற்றிப் பார்த்தார், நேரே பிஹோகோவிடம் போனார். "பட்டை போட்ட இதுதான் வேணும். யுனிவர்சிட்டியே மரியாதை பண்ணின மாடுல்ல!" என்றார். "பட்டையை மட்டும் கழட்டிக்கிறேன்" என்றேன். "மாட்டுக்குப் போட்டதைக் கழட்டறதா? எங்க பொண்ணையும் இப்படித்தான் நடத்துவீங்களா?" என்றாரே பார்க்கலாம்! என் ராணி பட்டையோடு ம்பராராவிலுள்ள சம்பந்தி வீட்டுக்கு லாரி ஏறிவிட்டாள்.

கெஞ்சிக் கூத்தாடிப் பட்டையை மட்டும் மீட்டுக் கியோசிக்கே கட்டிவிட்டேன். இனி அதைத் தொடமாட்டேன், என் மந்தை மேல் ஆணை. நடுவில் வந்த கணக்கை அழித்துவிட்டு, என் பிள்ளைக்குப் பட்டம் கொடுங்கள். தங்கள் தொழுவம் நிறையட்டும், கன்றுகள் துள்ளட்டும்.

இப்படிக்கு,
டிபெண்டெரானா

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது கெமிரெம்பே ஓடி வந்தாள். நான் செய்ததை அவளே தங்களுக்குப் போனில் சொல்லிவிட்டாளாம். "அந்தக் கணக்க அழிக்காதே, உயிரே அதுலதான் இருக்கு. மாட்டுக்காரங்க கருவியை என்னென்ன பாடு படுத்தறாங்கன்னு அதையே ஆராய்ச்சியா எழுது" என்றீர்களாம். இப்போது வாழைக்காயை மசித்த மட்டோக்கே இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டாள். ஆகவே என் ஆணையை அடித்துவிடவும். பட்டை தற்சமயம் என் கழுத்தில். மருமகளைப் பார்க்க சைக்கிளில் கிளம்புகிறேன். நான் அசைபோடுவது சுவரில் சரியாகத் தெரிகிறதா என்று பசங்களைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.