காத்துக்கு எதுக்கு பைப்பு?

வயர் நின்றுவிட்டது.

மேல்மாடியில், சுவரில் பதித்த பெட்டிக்கு எதிரே நின்று, ஒரு காலைச் சுவரில் ஊன்றி, வயரைக் கட்டி பைப்புக்குள் விட்டிருந்த இழுவைக் கம்பியை மேஸ்திரி மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தார். முக்கலும் முனகலும் கேட்டனவே தவிர வயர் வரவில்லை. முக்கியது பைப் அல்ல, தான்தான் என்பது அவருக்குச் சற்று நேரம் கழித்துத்தான் விளங்கியது.

"ஏம்மா, கீழ தள்றியா, இல்ல வேடிக்கை பாக்கறியா?" என்று மாடிப்படி வழியாகக் கத்தினார்.

"தள்றேன் மாமா. நீங்க இழுங்க," என்று கீழ்த்தளத்திலிருந்து மருமகளின் குரல் வந்தது.

"இழுத்துக்கிட்டுதானே இருக்கேன்!"

"அப்ப போகும் மாமா."

அந்தப் 'போகும்'தான் மேஸ்திரிக்குச் சுருக்கென்று தைத்தது. போன வாரம் இதே வாய்தான் நாலு பேர் முன்னால் 'போகாது' என்று அடித்துச் சொன்னது.

அவருக்குத் தொழிலில் 'கண்ணளவு மேஸ்திரி' என்று பெயர். டேப் வைத்து அளக்கிறவன் தையல்காரன் என்பது அவருடைய கட்சி. ஒரு சுவரை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தால் போதும், எத்தனை பைப், எத்தனை வளைவு, எவ்வளவு வயர் என்று சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். சரியாக இல்லாத சந்தர்ப்பங்களில் சுவர் கோணலாக இருந்ததாகச் சொல்வார்.

பெற்ற பிள்ளை இந்தத் தொழிலுக்கு வரவில்லை. அவனுக்கு கரண்ட் என்றாலே குலை நடுக்கம். வீட்டில் பல்பு மாற்றக்கூடப் பெண்டாட்டியைத்தான் கூப்பிடுவான். அந்தப் பெண்டாட்டியோ எலெக்ட்ரிகல் படித்துவிட்டு வந்தவள். கல்யாணமாகி மஞ்சள் வாடை போவதற்குள் மாமனாரோடு வேலைக்குக் கிளம்பிவிட்டாள். ஏணி ஏறுவாள், சுவர் வெட்டுவாள், ஒரு முடிச்சு போட்டால் யமன் வந்தாலும் அவிழாது. அவளைப் போல ஒரு கைகாரியை மேஸ்திரி தன் ஆயுசில் பார்த்ததில்லை. இதை அவர் எல்லோரிடமும் சொல்வார், அவளிடம் தவிர.

அளவு என்று வந்துவிட்டால் மட்டும் இரண்டு பேரும் கீரியும் பாம்பும்தான்.

இந்தப் புது வீட்டில் வந்த சண்டையும் அதுதான். கீழே மெயின் போர்டிலிருந்து மேல்மாடிக்கு ஏறும் பைப்பைப் பதித்தபோது, மாடிக்கு லைட்டும் ஃபேனும் மட்டுமே என்று பேச்சு. கட்டைவிரல் மொத்தத்தில் ஒரு சின்ன பைப் போட்டார் மேஸ்திரி. சுவர் பூசி முடிந்த பிறகுதான் வீட்டுக்காரம்மாவுக்கு ஆசைகள் ஒவ்வொன்றாக முளைத்தன.

"மேஸ்திரி, மாடியில ஒரு ஏசி வெச்சுக்கலாமா?"

"தாராளமா வெச்சுக்கலாம்மா. அதே பைப்புல போட்டுடலாம்."

"பாத்ரூமுக்கு ஹீட்டர்?"

"அதே பைப்பு."

"இன்வர்ட்டர்?"

"அதுக்கென்னம்மா, அதே பைப்பு!"

பக்கத்தில் நின்ற மருமகளுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "போகாது மாமா," என்றாள். "ஏசி வயர் தடிமன். எல்லாத்தையும் கூட்டிப் பாத்தா பைப்பு முக்கால்வாசிக்கு மேல அடைச்சுக்கும். நூறு பங்கு இடம் இருந்தா நாப்பது பங்குக்குத்தான் வயர் இருக்கணும்."

"மீதி அறுபதுல என்னம்மா இருக்கும்?"

"காத்து."

மேஸ்திரி சிரித்த சிரிப்பில் ஏணி மேல் நின்ற பெயிண்டர் திரும்பிப் பார்த்தார்.

"காத்துக்கு எதுக்கும்மா பைப்பு? காத்து வேணும்னா ஜன்னலைத் திறந்துக்கிட்டு வந்துட்டுப் போகுது!"

"சிரிக்காதீங்க மாமா. வயர் ஓடினா சூடாகும். சூடு வெளியேற இடம் இல்லன்னா உறை இளகி, ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, ஒரு நாள் சுவருக்குள்ளயே புகையும். அத விடுங்க, முதல்ல இழுக்கவே வராது. பெரிய பைப்பா மாத்திடுவோம்."

"பூசின சுவரை உடைக்கறதா? என் பேரு என்னாகறது?"

வீட்டுக்காரம்மா, பெயிண்டர், கதவு இழைத்துக்கொண்டிருந்த ஆசாரி, எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆள் கூடினால் மேஸ்திரிக்கு நாக்கில் சனி உட்கார்ந்துவிடும். உட்கார்ந்தது.

"இந்த பைப்புல இந்த வயர் அத்தனையும் போகலன்னா, இனிமே நீ சொல்றதுதான் அளவு. நான் வாயே திறக்கல. ஆனா போயிடுச்சுன்னு வை, நீ வேற எங்கயாச்சும் வேலை தேடிக்க. என்னோட வரக் கூடாது. சம்மதமா?"

மருமகள் ஒரு கணம் அவரையே பார்த்தாள். "சம்மதம் மாமா," என்றாள்.

சொன்ன மறுநிமிஷமே மேஸ்திரிக்கு உறைத்தது. அவள் இல்லாமல் இனி யாரை நம்பி ஏணியில் ஏறுவது? ஆனால் நாலு பேர் முன்னால் சொன்ன சொல்லை எப்படித் திரும்ப விழுங்குவது? விழுங்கத் தெரிந்திருந்தால் சொல்லியே இருக்க மாட்டார்.

அந்தப் பந்தயத்தின் வயர்தான் இப்போது பைப்புக்குள் சிக்கிக்கொண்டு நின்றது.

"சோப்புத் தண்ணி ஊத்தினா வழுக்கிக்கிட்டு வரும்," என்று மேஸ்திரி தீர்மானித்தார். பெயிண்டரின் வாளியைக் கேட்காமலே எடுத்து, சோப்பைக் கரைத்து, மேலிருந்து பைப்புக்குள் ஊற்றினார். பாதி பைப்புக்குள் போனது. மீதி அன்று காலையில்தான் பிரைமர் அடித்த சுவரில் கோடு கோடாக வழிந்தது.

"மேஸ்திரி, என் சுவரு!" என்று பெயிண்டர் அலறினார்.

"மாமா," என்று கீழேயிருந்து குரல் வந்தது. "வயர் மேல வருதா?"

"இன்னும் இல்ல. ஏன்?"

"நுரை கீழ வருது. தலையெல்லாம் ஆயிடுச்சு."

"ஈரம் ஜாஸ்தியாயிடுச்சு," என்றார் மேஸ்திரி, ஈரத்தைக் குற்றம் சொல்லும் தொனியில். "கொஞ்சம் பவுடர் போட்டா சரியாயிடும்."

கீழேயிருந்த வீட்டுக்காரம்மாவின் கைப்பையிலிருந்து முகப் பவுடர் டப்பா வந்தது. மேஸ்திரி பெட்டியின் வாயில் பவுடரைக் கொட்டி, கன்னம் புடைக்க ஊதினார். அடைத்துக்கொண்ட பைப் அதை வாங்கிக்கொள்ளவில்லை, வந்த வழியே திருப்பி அனுப்பியது.

பெயிண்டர் அவர் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். "ஒரு கோட் நல்லா விழுந்திருக்கு மேஸ்திரி. இன்னொரு கோட் அடிச்சா எடுப்பா இருக்கும்."

உள்ளே போன கொஞ்சம் பவுடரும் சோப்புத் தண்ணீரோடு குழைந்து பசையாகிவிட்டது. இப்போது வயர் முன்னாலும் வரவில்லை, பின்னாலும் போகவில்லை.

"வாசனை மட்டும் ஜோரா வருது மாமா," என்றாள் மருமகள் கீழேயிருந்து.

வேறொருவராக இருந்தால் அங்கேயே உட்கார்ந்திருப்பார். மேஸ்திரிக்கோ முடியாது என்று யாராவது சொல்லிவிட்டால் அப்புறம்தான் பிடிவாதம் தலைக்கேறும். பெயிண்டரையும் ஆசாரியையும் கூப்பிட்டுத் தனக்குப் பின்னால் வரிசையாக நிற்க வைத்தார். மூன்று பேரும் ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

"நான் ஒண்ணு, ரெண்டுன்னு சொன்னதும் இழுங்க!"

"மூணு எப்ப வரும்?" என்றார் ஆசாரி.

"அதெல்லாம் வராது, இழுய்யா!"

இழுத்தார்கள். வயரைக் கட்டியிருந்த முடிச்சு அவிழ்ந்தது. அது மேஸ்திரி தன் கையாலேயே போட்ட முடிச்சு. மூன்று பேரும் ஒரே மூச்சில் பின்னால் பறந்து, ஆசாரி இழைத்துச் சாய்த்து வைத்திருந்த அலமாரிக் கதவின் மேல் விழுந்தார்கள். மேஸ்திரியின் கையில் வெறும் இழுவைக் கம்பி மட்டும் இருந்தது. கதவு இரண்டாக இருந்தது.

"ஒத்தைக் கதவு கேட்டாங்க," என்றார் ஆசாரி அழாத குறையாக. "இப்ப ரெட்டைக் கதவு ஆயிடுச்சு."

சத்தம் கேட்டு வீட்டுக்காரம்மா மாடிக்கு ஓடிவந்தார். வழியும் சுவரையும், உடைந்த கதவையும், வெள்ளை முகத்தோடு தரையில் கிடந்த மேஸ்திரியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மேஸ்திரி, போகலன்னா போகலன்னு சொல்லிடுங்க. மருமக சொன்ன மாதிரி சுவரை உடைச்சிடலாம். எனக்கு ஒண்ணும் இல்ல."

"போகும்மா!" என்று மேஸ்திரி எழுந்து நின்றார். "என் கண்ணு பொய் சொல்லாது. இன்னும் ஒரே ஒரு தடவை பாத்துடறேன்."

இழுவைக் கம்பியோடு கீழே இறங்கிப் போனார். மருமகள் தலை நிறைய நுரையோடு தரையில் உட்கார்ந்து, பைப் வாயிலிருந்து ஒருவழியாக உருவியெடுத்து, சிக்கலாகிக் கிடந்த வயர்களை ஒவ்வொன்றாக நீவி நேராக்கிக்கொண்டிருந்தாள்.

"எல்லாத் தலையையும் ஒரே இடத்துல கட்டினதால மொத்தையா நிக்குது மாமா. ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா, படிக்கட்டு மாதிரி தள்ளித் தள்ளிக் கட்டினா வாயில நுழையும்," என்றாள்.

"அதத்தான் நானும் சொல்ல வந்தேன்," என்றார் மேஸ்திரி. அவர் சொல்ல வரவில்லை.

இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து பழைய கட்டைப் பிரித்தார்கள். அவர் வயரை நீட்டினால் அவள் டேப் சுற்றினாள். அவர் கை நீட்டுவதற்குள் கட்டிங் பிளேயர் கைக்கு வந்தது. ஒரு அசைவு வீணாகவில்லை.

மேஸ்திரிக்கு அப்போதுதான் அந்த யோசனை தட்டியது. இவள் ஏன் இப்படி உயிரைக் கொடுத்து வேலை செய்கிறாள்? கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தாலே பந்தயத்தில் ஜெயித்துவிடலாமே! காலையிலிருந்து வாய்க்கு வாய் 'போகும், போகும்' என்கிறாளே! ஒருவேளை இந்தக் கிழவனோடு மாரடித்தது போதும் என்று ஆகிவிட்டதோ? கழன்றுகொள்ள ஒரு சாக்குக் கிடைத்தது என்று இருக்கிறாளோ?

கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தார்.

"ஏம்மா..."

"என்ன மாமா?"

"டேப்பை இன்னொரு சுத்து சுத்து."

மறுபடி மாடி ஏறினார். மருமகள் இழுவைக் கம்பியைக் கீழிருந்து செலுத்தினாள், அது மேலே வந்து தலைகாட்டியது. மேஸ்திரி அதைக் கையில் சுற்றிக்கொண்டு, காலை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். கீழே ஒரு முரண்டு. அவள் தள்ளினாள். இவர் இழுத்தார். திடீரென்று விட்டுக்கொடுத்து, வயர் சரசரவென்று தானாக ஓடிவந்தது. மேஸ்திரியே திகைத்துப் போனார்.

"பாத்தியா! எல்லாம் சோப்புத் தண்ணி செஞ்ச வேலை!" என்று கத்தினார்.

மேலே பெட்டியின் வாய்க்கு வந்ததும் இன்னொரு மல்லுக்கட்டு. பெயிண்டர் அவரைப் பிடித்துக்கொள்ள, ஆசாரி உடைந்த கதவின் மிச்சத்தை ஜாக்கிரதையாகத் தூக்கி ஒதுக்கிவைத்துவிட்டு வந்து பெயிண்டரைப் பிடித்துக்கொண்டார். ஒரே இழுப்பு. நுரையும் பவுடருமாக, லைட், ஃபேன், ஏசி, ஹீட்டர், இன்வர்ட்டர் என்று அத்தனை வயரும் குடும்பத்தோடு வெளியே வந்து விழுந்தன.

"அடேயப்பா!" என்று வீட்டுக்காரம்மா கை தட்டினார். "கண்ணளவுன்னா கண்ணளவுதான் மேஸ்திரி!"

மருமகள் மேலே வந்தாள். வயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். தன் இடுப்பில் செருகியிருந்த டெஸ்டரையும் கட்டிங் பிளேயரையும் எடுத்து, துணியால் துடைத்து, மேஸ்திரியின் பைக்குள் வைத்தாள்.

"நீங்க ஜெயிச்சுட்டீங்க மாமா. சொன்ன சொல்லு சொல்லுதான். நாளையிலேர்ந்து நான் வரல."

தலையை அலசிக்கொள்ளக் கீழே போய்விட்டாள்.

மேஸ்திரி ஜெயித்தவர் மாதிரி நிற்கப் பார்த்தார். முடியவில்லை. வலது கையைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டுப் போனது மாதிரி இருந்தது. 'போகாதேம்மா' என்று ஒரு வார்த்தை கூப்பிட்டால் போதும். அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்து, அங்கே நிரந்தரமாகக் குடியிருக்கும் கௌரவத்தில் முட்டி நின்றுவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் பெட்டியைச் சுற்றியிருந்த இடைவெளியை அடைக்கச் சாந்துச் சட்டியோடு கொத்தனார் வந்து சேர்ந்தார். வெற்றியை யாரிடமாவது சொன்னாலாவது மனசு ஆறாதா என்று மேஸ்திரிக்கு இருந்தது.

"பாருய்யா," என்று வயர்க் கற்றையைத் தூக்கிக் காட்டினார். "போகாது போகாதுன்னாங்க. இந்தச் சின்ன பைப்புல இத்தனை வயரையும் இழுத்துட்டேன்."

கொத்தனார் கரண்டியால் தலையைச் சொறிந்தார்.

"எந்தச் சின்ன பைப்பு மேஸ்திரி? நீங்க வேற வேலைக்குப் போயிருந்த அன்னிக்கே உங்க மருமக என்னைக் கூட்டிவந்து, சுவரை உடைச்சு, பெரிய பைப்பா மாத்திடுச்சே! 'குடியிருக்கறவங்களுக்கும் ஒண்ணும் ஆகக் கூடாது, எங்க மாமா பேரும் கெடக் கூடாது'ன்னு, ரெண்டு வாயிலயும் மட்டும் உங்க பைப்புல ஒரு கையளவு துண்டு வெச்சுப் பூசச் சொல்லுச்சு. காலையிலேர்ந்து நீங்க மல்லுக்கட்டினது அந்தத் துண்டு ரெண்டோடதான்!"