இரண்டு போக மிச்சம்

மிச்சம் ஐந்து பிள்ளைகளை எங்கே ஒளிப்பது என்பதுதான் அன்றைக்கு வீரமலையின் பிரச்சினை. மெட்ராஸ் அதிகாரியின் ஜீப் மன்னார்புரம் முக்குக்கு வந்துவிட்டதாக ஆபீஸ் ஆள் சைக்கிளில் வந்து சொல்லிவிட்டுப் போனான்.

வீரமலை குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரச்சாரகர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. போன மாதம் தொட்டியத்தில் வாழை விவசாயிகள் கூட்டத்தில், "காவேரி அதே காவேரிதான், வயலும் அதே வயல்தான். வாய் மட்டும் பெருகிக்கிட்டே போனா மனுசங்க எதைத் தின்னு பிழைக்கிறது?" என்று முழங்கினார். "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று ஒருவர் எழுந்து கேட்டார். நாக்கு தன் போக்கில் "ரெண்டு" என்றது. அந்தக் கைத்தட்டல் மெட்ராஸ் வரைக்கும் கேட்டுவிட்டது. இப்போது அந்தச் சின்னக் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட அதிகாரியே வந்துகொண்டிருந்தார்.

"ரெண்டுன்னு சொல்றதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஏழையும் பெத்தவ நான்தானே" என்றாள் மனைவி செல்லாண்டி, கொடியில் கிடந்த சின்னச் சட்டைகளை உருவிக்கொண்டே.

"பெரியவளும் நடுப் பையனும் இருக்கட்டும். மத்ததை எல்லாம் ரோசரி டீச்சர் வீட்டுக்கு அனுப்பு. என்னை மாமான்னு கூப்பிடச் சொல்லு."

பக்கத்து வீட்டு ரோசரி கல்யாணமாகாதவர். பிள்ளைகளை மறுபேச்சில்லாமல் உள்ளே அழைத்துக்கொண்டார். ஆனால் அவர் வீட்டில் இருந்தது கோதுமைக் கஞ்சி. ரேஷன் கடையில் அரிசி வந்தே பல நாளாகியிருந்தது. வீரமலை அங்கே இங்கே அலைந்து வாங்கிய அரிசி சோறாகி, அதன் வாசனை சுவரைத் தாண்டிப் போனது.

அதிகாரி இலையில் உட்கார்ந்து முதல் கவளம் எடுத்தபோது, வாசலில் ஒரு பையன் வந்து நின்றான். "மாமா, சோறு."

"பக்கத்து வீட்டுப் பையன் சார்" என்றார் வீரமலை.

ரசம் ஊற்றும்போது ஒரு பெண் வந்தாள். அவள் பின்னால் இன்னும் இரண்டு பேர்.

"இவங்களும் பக்கத்து வீடா?"

"ஆமா சார். டீச்சர் வீட்டுப் பிள்ளைங்க." வீரமலையின் முதுகில் வேர்வை ஓடியது.

அதிகாரி கையை இலையிலேயே வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "எத்தனை பேர் மொத்தம்?"

"அஞ்சு சார்."

"அஞ்சா? நான் அந்த டீச்சரைக் கட்டாயம் பார்க்கணும்."

அதிகாரி எழுந்து, கை கழுவிய கையோடு பக்கத்து வீட்டுக்கு நடந்துவிட்டார். வீரமலை பின்னாலேயே ஓடினார். ரோசரி கடைக்குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தார்.

"அஞ்சும் உங்க பிள்ளைங்களாம்மா? எப்படிச் சமாளிக்கிறீங்க?"

ரோசரியின் முகம் சிவந்தது. வீரமலையைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே தன் வேலை போய்விட்டதாக வீரமலை நினைத்தார். மூச்சை இழுத்துவிட்டு ரோசரி சொன்னார்: "என் அக்கா பிள்ளைங்க சார். லீவுக்கு வந்திருக்காங்க."

"அப்படியா." அதிகாரியின் முகம் தொங்கிவிட்டது.

அந்த நேரத்தில் கடைக்குட்டி வீரமலையை நோக்கிக் கையை நீட்டித் தாவியது. "அப்பா."

அதிகாரி திரும்பி வீரமலையைப் பார்த்தார்.

"பாவம் சார், ஆம்பளைங்க யாரைப் பார்த்தாலும் அப்படித்தான் கூப்பிடும்" என்றார் வீரமலை. பிள்ளை நீட்டிய கையை மடக்காமலே இருந்தது. அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். சுவருக்கு அந்தப் பக்கம் செல்லாண்டி பாத்திரத்தை ஓங்கி வைத்த சத்தம் கேட்டது.

அதிகாரி திரும்பி வந்து செல்லாண்டியின் சமையலைப் பாராட்டினார், இரண்டு பிள்ளைகளின் தலையையும் தடவிக்கொடுத்தார், சுரத்தில்லாமல் போய் ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

பிழைத்தோம் என்று வீரமலை தூணில் சாய்ந்தார். ஜீப்புக்கு ஊற்றத் தண்ணீர் கேட்டு வந்தார் டிரைவர் அப்துல் சலாம்.

"ஐயா ஏன் பாய் ஒரு மாதிரியா இருக்கார்? நம்ம வீட்டுல எதுவும் குறையா?"

"குறை ஒண்ணும் இல்லீங்க" என்றார் அப்துல் சலாம், வாளியைத் தூக்கிக்கொண்டு. "அளவா பெத்துக்கங்கன்னு ரெண்டு பெத்தவன் சொன்னா ஊர்ல யாரும் நம்ப மாட்டேங்கறாங்களாம், பட்டவன் சொன்னாத்தான் எடுபடுமாம். வீடு நெறையப் பிள்ளைங்களை வச்சுக்கிட்டு அரிசிக்கு அல்லாடுற ஒரு ஆளைத் தேடித்தான் ஊர் ஊரா அலையறார், மெட்ராஸ் ஆபீஸ்ல பெர்மனன்ட் வேலை போட்டுக் கொடுக்க. நீங்கதான் ரெண்டோட நிறுத்திட்டீங்களே."