பனிப் பிள்ளையாருக்கு அடித்த தேங்காய்

சகலன் என்ற உறவை எவன் கண்டுபிடித்தானோ, அவன் பெண்டாட்டிக்குத் தங்கச்சி இருந்திருக்க மாட்டாள். இருந்திருந்தால் அந்த வேலையைச் செய்திருக்க மாட்டான்.

எனக்கு வாய்த்த சகலன் பெயர் நேசன். பாரிசுக்குப் பக்கத்து ஊரான எபினேயில் இருக்கிறான். கார் நிறுத்தினால் ஒரே தடவையில் நேராக நிற்கும். பொங்கல் பொங்கினால் கிழக்குப் பக்கமாக வழியும். (எப்படித்தான் செய்கிறானோ தெரியாது.) யாழ்ப்பாணத்தில் இருக்கும் எங்கள் மாமிக்கு அவன்தான் மருமகன். நான் மூத்தவளைக் கட்டியவன், அவ்வளவுதான்.

பாரிசில் பனி எப்போதாவதுதான் ஒழுங்காகக் கொட்டும். அன்று கொட்டியது. பஸ் ஓடவில்லை. ரெஸ்டோரண்ட் முதலாளி என்னை வேலைக்கு வர வேண்டாம் என்றார். தமிழ்க் கடைகள் நிறைந்த எங்கள் லா சப்பல் பகுதி முழுக்கச் சனம் தெருவில். பிள்ளைகள் மரக்கறிப் பெட்டி மட்டைகளில் சறுக்கினார்கள். நானும் ஒரு பெரிய தட்டில் குந்திக்கொண்டு சறுக்கினேன். உண்மையாகவே சந்தோஷமாக இருந்தேன்.

அப்போதுதான் மனைவி போனை நீட்டினாள். நேசன் பனியில் பிள்ளையார் செய்து, பொட்டு வைத்து, குடும்பக் குழுவில் படம் போட்டிருந்தான். கீழே மாமியின் குரல்பதிவு: "என்ரை சின்ன மருமோனுக்குக் கையிலை தெய்வம் இருக்கு."

"வடிவாத்தான் செய்திருக்கிறார்," என்றாள் மனைவி.

"முழங்கால் உயரம்தானே."

"உங்களுக்கு அதுவும் வராது."

வராதா? ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில், எங்கள் கட்டட வாசலிலேயே தொடங்கினேன். மத்தியானம் சாப்பிடவில்லை. நெஞ்சுயரத்துக்குப் பிள்ளையார் எழும்பினார். கண்ணுக்குப் புளியங்கொட்டை. கொம்புக்கு வெள்ளை முள்ளங்கி. (பனியில் அது தெரியவே இல்லை.) ஆனால் வயிறு நேசனின் பிள்ளையாரை விழுங்கிவிடும். ஒரு பிரெஞ்சுக் கிழவி கைதட்டினாள். கடைக்காரர் ஒருவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, வெறும் சொக்சோடு பனியில் நின்று கும்பிட்டார்.

மாமியை வீடியோ அழைப்பில் எடுக்கும்படி மனைவியிடம் சொன்னேன். மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"ஓம், பெரிசாத்தான் இருக்கு. தேங்காய் அடிச்சனீங்களோ, தம்பி? சின்னவர் அடிக்கேல்லை."

அது போதாதா எனக்கு? ஓடிப்போய்த் தேங்காய் வாங்கி வந்தேன். தலைக்கு மேலே தூக்கி, பிள்ளையாருக்கு முன்னால் ஓங்கி அடித்தேன்.

பொத்தென்று பனிக்குள் போனது. ஒரு ஓட்டை மட்டும் மிஞ்சியது.

"உடைஞ்சதோ?" என்றார் மாமி.

"இல்லை அம்மா, தாண்டு போச்சு," என்றாள் மனைவி.

"உடையாமல் விடக்கூடாது பிள்ளை. அபசகுனம்."

கையை விட்டுத் தோண்டி எடுத்தேன். சொக்சோடு நின்றவர், "அண்ணை, அந்தக் கல்லுப் படியிலை அடியுங்கோ," என்றார்.

"நீர் சும்மா இரும்," என்றேன். (நேசன் என்றால் கேட்டிருப்பான்.) இரண்டு கையாலும் தூக்கி, உள்ள கோபம் எல்லாவற்றையும் சேர்த்து எறிந்தேன். கால் வழுக்கியது. தேங்காய் பிள்ளையாரின் முகத்துக்குப் போனது. நான் வயிற்றுக்குப் போனேன். தும்பிக்கை என் மடியில் விழுந்தது.

"இப்பவாவது உடைஞ்சதோ?" என்றார் மாமி.

"தேங்காய் உடையேல்லை அம்மா," என்றாள் மனைவி. "பிள்ளையார்தான் உடைஞ்சவர்."

அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் எந்த நல்ல காரியத்துக்கும் தேங்காயை என் கையில் தருவதில்லை. நேசன் புதுவீடு குடிபுகுந்தபோது மாமி வீடியோவில் வந்ததும் கேட்டது இதைத்தான்: "பெரியவர் எங்கை நிக்கிறார்? தள்ளி நிக்கச் சொல்லுங்கோ, சுவாமிப்படம் இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நேசன் உடைத்தான். சரிபாதி. நானும் ஒவ்வொரு முறையும் எட்டிப் பார்க்கிறேன், ஒன்றாவது கோணலாக உடையாதா என்று. இன்னும் உடையவில்லை.