ஓஸ்டர்ஹோஃப் நாற்காலி

அன்பு மகள் லோரீனுக்கு,

பெரியப்பா எர்வின் எழுதிக்கொள்வது. நீயும் குழந்தைகளும் நலமென்று நம்புகிறேன். உன் கணவன் டேலும் நலமாக இருக்கட்டும். அவன்மேல் எனக்குப் பகை இல்லை.

ஆனால் நம் குடும்பக் கூட்டத்துக்கு இந்த ஆண்டு முதல் எனக்குப் பதில் அவனே தலைவன் என்று நீங்கள் முடிவுசெய்தது அநியாயம். ஹெர்மன் ஓஸ்டர்ஹோஃப் ஜெர்மனியிலிருந்து கப்பலேறி மிசௌரிக்கு வந்த நாள்முதல் அந்தத் தலைவர் நாற்காலியில் ஓஸ்டர்ஹோஃப் அல்லாத எவரும் உட்கார்ந்ததில்லை. அந்த டேல் ஹிக்கின்ஸ் என்ன சொன்னான் தெரியுமா? "மாமா, உங்க முட்டி போயிடுச்சு. சாசேஜ் அண்டாவை நான் தூக்குறேன். நாட்டையா ஆளப்போறேன்?" என்றான். நாட்டை யார் வேண்டுமானாலும் ஆண்டுகொள்ளட்டும் என்றேன்.

நான் காலேஜ் வாசலை மிதிக்காதவன். ஆனாலும் பூதக்கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்து பழைய ஜெர்மன் கையெழுத்தை நானே படிக்கக் கற்று, ஜெர்மனியில் வெஸ்ட்ஃபாலியாவில் நம் முன்னோர் பண்ணையைக் கண்டுபிடித்து, நேரில் போய் ஒரு பை மண் எடுத்து வந்தால், விமான நிலையத்தில் மறித்துவிட்டார்கள். "பெரியவரே, மண்ணெல்லாம் கொண்டுவரக் கூடாது" என்றான் அதிகாரி. "மண்ணில்லப்பா, என் வம்சம்" என்றேன். "வம்சத்தையும் குப்பைத் தொட்டியில போடுங்க" என்றான். போட்டேன்.

எனக்குப் பிள்ளை இல்லை. உன் அப்பாவுக்கு நீ ஒருத்தி. இந்தப் பெயர் என்னோடு முடிகிறது. முடியும்வரையாவது அதை நாற்காலியில் உட்கார விடுங்கள். சாட்சிக்கு, அந்தப் பண்ணையில் இன்றும் வாழும் ஹெட்விக்கை அழைத்திருக்கிறேன். நாளை வருகிறாள். அவள் சொன்னால் கேட்பீர்கள்.

என் முடிவில் மாற்றமில்லை. உருளைக்கிழங்கு சாலட்டில் மயோனைஸ் போடாதே, வினிகர் போடு. கடவுள் உன் வீட்டைக் காக்கட்டும். முடிந்தால் என் முட்டியையும்.

இப்படிக்கு,
எர்வின் ஓஸ்டர்ஹோஃப்

பின்குறிப்பு: ஹெட்விக் வந்துவிட்டாள். என் வழக்கை முழுதும் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"ஹெர்மனோட அப்பாவே பொறப்புல ஓஸ்டர்ஹோஃப் இல்லைங்க. வெளியூர்ல இருந்து வந்த வீட்டோட மாப்பிள்ளை. அந்தக் காலத்துல எங்க பக்கம் பேரு பண்ணையோடது. பொண்ணைக் கட்டி உள்ள வர்றவன் தன் பேரை வாசல்லயே விட்டுட்டு வரணும்."

"அப்போ எங்க பேரு?"

"ஒரு மாப்பிள்ளை காப்பாத்திக் குடுத்ததுதான்."

காப்பியைக் குடித்துவிட்டு மறுபடி பேனாவை எடுத்தேன். மேலே எழுதியதைக் கிழிக்கவில்லை, நல்ல தாள். டேலே தலைவனாக இருக்கட்டும். ஆனால் குடும்ப வழக்கத்தை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். கூட்டத்துக்கு முன்னாலேயே கோர்ட்டுக்குப் போய்ப் பெயரை மாற்றிக்கொண்டு, ஹிக்கின்ஸை வாசலிலேயே விட்டுவிட்டு வரச் சொல்.